ஒரே சுரப்பி, இரண்டு வழிகள்
கணையத்தின் நாளங்களும் இன்சுலின் திட்டுகளும்

கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது அதன் குடலைக் கவனித்திருப்பீர்கள். இரையை அரைக்கும் தடித்த தசைப்பையிலிருந்து புறப்படும் குடல் சிறிது தூரம் கீழே இறங்கி, வளைந்து, மீண்டும் மேலே ஏறும். கொண்டை ஊசி போன்ற அந்த வளைவின் நடுவில், வெளிறிய நிறத்தில், நாடா போன்ற நீண்ட சதை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதைக் குடலோடு சேர்த்து எறிந்துவிடுகிறோம். அதுதான் கணையம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நமக்கும் இந்த உறுப்பு உண்டு.

சர்க்கரை நோயாளி இல்லாத தெருவை இன்று நம் ஊர்களில் காண்பது அரிது. நோய் வந்தவர்களும் வீட்டாரும் மூன்று கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாக ஏன் போட வேண்டும்? மாத்திரையால் சிலருக்குச் சர்க்கரை அடங்குகிறது, சிலருக்கு ஏன் அடங்குவதில்லை? பல ஆண்டுகள் வயிற்றுவலியால் துன்பப்பட்ட இளைஞனுக்குச் சர்க்கரை நோயும் வருகிறதே, இரண்டுக்கும் என்ன தொடர்பு? இம்மூன்றுக்கும் விடை கணையத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

கணையம் இருக்கும் இடம்

மனிதனின் கணையம் இரைப்பைக்குப் பின்னால், குறுக்காகப் படுத்த நிலையில் உள்ளது. நீளம் சுமார் 15 செ.மீ., எடை 80 முதல் 100 கிராம் வரை. அதன் தலைப்பகுதி சிறுகுடலின் தொடக்க வளைவுக்குள் அமர்ந்திருக்கும். வால்பகுதி மண்ணீரலைத் தொடும்.

கணையத்தின் நடுவே, வாலிலிருந்து தலை வரை, ஒரு பெரிய நாளம் ஓடுகிறது. இத்தாலியில் உள்ள பதுவா நகரில் 1642ஆம் ஆண்டு விர்சுங் என்பவர் இறந்த ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது இந்த நாளத்தைக் கண்டார். அதன் பயன் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. படம் வரைந்து மற்ற அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்.

இந்த நாளம் குடலில் சேரும் விதம் பிராணிக்குப் பிராணி மாறுபடும். மனிதனில் பெரும்பாலும் பித்தநாளத்துடன் சேர்ந்து ஒரே வாயாகச் சிறுகுடலில் திறக்கிறது. ஆட்டில் பித்தநாளத்திலேயே சென்று கலந்துவிடுகிறது. மாட்டில் பெரும்பாலும் பித்தநாளத்திலிருந்து விலகித் தனி வாயாகத் திறக்கிறது. கோழிக்கு இரண்டு அல்லது மூன்று நாளங்கள் உண்டு. வாய் எங்கே திறந்தாலும் வேலை ஒன்றுதான்: கணையநீரைக் குடலுக்குக் கொண்டு சேர்ப்பது.

காம்புள்ள மணிகள்

ஒரு திராட்சைக் குலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு சிறு காம்பில் தொங்குகிறது. சிறு காம்புகள் சேர்ந்து கிளைக்காம்பாகி, அவையெல்லாம் நடுத்தண்டில் சேருகின்றன. கணையத்தின் பெரும்பகுதி இப்படித்தான் அமைந்துள்ளது. மணிகள் கணையநீரைச் சுரக்கும் செல் கூட்டங்கள். காம்புகள் உள்ளே துளையுடைய நாளங்கள். மணிகளில் சுரக்கும் நீர் சிறு நாளம், கிளை நாளம், பெருநாளம் என்று ஓடிக் குடலில் விழுகிறது. வயல்களின் நீர் கண்ணி வாய்க்கால் வழியே வடிந்து பெரிய வடிகாலில் சேர்வதைப் போன்றது இது.

நாளங்கள் வெறும் குழாய்கள் அல்ல. அவற்றின் சுவரில் உள்ள செல்களும் சோடா உப்புக் கரைசல் போன்ற காரநீரைச் சுரக்கின்றன. இரைப்பையிலிருந்து புளித்த நிலையில் இறங்கும் உணவை இந்தக் காரம் சமன் செய்கிறது. மனிதனின் கணையம் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீர் சுரக்கிறது. அந்த நீரில் மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றையும் செரிக்கும் நொதிகள் உள்ளன.

புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி மிகவும் வலிமையானது. அது கணையத்துக்குள்ளேயே வேலை செய்யத் தொடங்கினால் கணையத்தையே அரித்துவிடும். ஆகவே அது செயலற்ற நிலையில் சுரந்து, குடலை அடைந்த பின்னரே செயல்படத் தொடங்குகிறது. அறுத்த பிராணியின் கணையத்தை வெளியே வைத்தால் விரைவில் நைந்துபோவதற்கு அதனுள் இருக்கும் நொதிகளே காரணம்.

காம்பில்லாத திட்டுகள்

பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் மருத்துவம் பயின்ற மாணவர். 1869ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். திராட்சை மணிகள் போன்ற செல்களுக்கு நடுவே, நிறம் வெளிறிய சிறுசிறு செல் கூட்டங்கள் அங்கங்கே சிதறிக் கிடப்பதைக் கண்டார். அவற்றின் வேலை என்னவென்று அவரால் கூற முடியவில்லை. 1893ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு அறிஞர் லகெஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயரிட்டார். நீர் தேங்கிய வயலுக்கு நடுவே மேடாகத் தெரியும் இடத்தைத் திட்டு என்கிறோமல்லவா? அதைப்போல் சுற்றிலும் வேறு வகைச் செல்கள் சூழ, இவை தனித்து நிற்கின்றன.

மனிதனின் கணையத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் திட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை அகலமுடையது. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினாலும் ஓரிரு கிராம்தான் தேறும். இந்த ஓரிரு கிராம் சதையே உடலின் சர்க்கரையை ஆளுகிறது. திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்கின்றன. ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரந்து அதை உயர்த்துகின்றன. வண்டியின் இருபுறமும் பூட்டிய மாடுகளைப் போல் இவ்விரண்டும் சர்க்கரையை நேர்வழியில் நடத்துகின்றன.

இத்திட்டுகளுக்குக் காம்பு கிடையாது. பக்கத்திலேயே நாளம் ஓடினாலும், திட்டில் சுரக்கும் இன்சுலின் அந்த நாளத்தின் வழியே வெளியேறுவதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு திட்டுக்குள்ளும் மெல்லிய இரத்தத் தந்துகிகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. கணையத்தின் எடையில் நூற்றில் ஓரிரு பங்கே உள்ள திட்டுகள், கணையத்துக்கு வரும் இரத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரை பெறுகின்றன. இன்சுலின் நேராக இந்த இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே ஏறக்குறைய பாதி செலவாகி, மீதி உடலெங்கும் பரவுகிறது.

ஆகவே ஒரே சுரப்பியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. செரிமான நீருக்கு நாளம் வழி. இன்சுலினுக்கு இரத்தம் வழி. கணையநீர் இன்சுலினைச் சிதைக்கக் கூடியது. எனவே இரண்டும் தனித்தனி வழியில் செல்வது உயிருக்கு இன்றியமையாத ஏற்பாடு.

இரண்டுக்கும் வேர் ஒன்றே

காம்பு இல்லாத திட்டுகள் எங்கிருந்து வந்தன? கருவில் குடலின் சுவரிலிருந்து இரண்டு மொட்டுகள் முளைத்து, கிளைத்து, குழாய்களாகின்றன. இக்குழாய்களின் நுனிகளில் மணிகள் உண்டாகின்றன. குழாய்ச் சுவரில் உள்ள சில செல்கள் மட்டும் வேறு பாதையை மேற்கொண்டு, சுவரை விட்டு நகர்ந்து, கூட்டமாகச் சேர்ந்து திட்டுகளாகின்றன. அதாவது திட்டுகள் நாளங்களிலிருந்து பிரிந்து போனவை. வளர்ந்தவர்களின் கணையத்திலும் சில திட்டுகள் நாளத்தை ஒட்டியே இருப்பதையும், நாளச் சுவரிலேயே ஒன்றிரண்டு இன்சுலின் செல்கள் தங்கியிருப்பதையும் காணலாம்.

இதனால் ஒரு நம்பிக்கையும் பிறந்தது. பிறந்த பின்னரும் நாளங்களிலிருந்து புதிய திட்டுகள் முளைக்குமானால், அதைத் தூண்டிச் சர்க்கரை நோயைத் தீர்க்கலாமே என்று பலர் ஆராய்ந்தனர். ஆனால் 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் எலிகளில் நடந்த ஆராய்ச்சி, வளர்ந்த எலியின் புதிய பீட்டா செல்கள் பெரும்பாலும் இருக்கின்ற பீட்டா செல்கள் பிளவுபடுவதாலேயே உண்டாகின்றன என்று காட்டியது. ஆகவே இருக்கின்ற திட்டுகளைக் காப்பாற்றுவதே இன்று நம் கையில் உள்ள வழி.

நாளத்தைக் கட்டும் எண்ணத்தில் பிறந்த மருந்து

1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் ஆகிய இருவரும் நாயின் கணையத்தை முழுவதும் அகற்றியபோது அதற்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. ஆனால் நாளத்தை மட்டும் கட்டிவிட்டால் மணிகள் நலிந்து சுருங்கின. திட்டுகளோ நிலைத்து நின்றன. சர்க்கரை நோயும் உடனே வரவில்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல ஆய்வாளர்கள் இதை உறுதிசெய்தனர். திட்டுகளுக்கு நாளம் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கனடா நாட்டில் உழவர் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் பேண்டிங். 1920 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, பாடம் நடத்துவதற்காக ஒரு கட்டுரையைப் படித்தார். கணைய நாளத்தைக் கல் அடைத்த ஒருவரின் உடலில் மணிகள் நலிந்தும் திட்டுகள் நலமாகவும் இருந்ததை அது விவரித்தது. நாளத்தைக் கட்டி, மணிகள் நலிந்த பிறகு, எஞ்சிய திட்டுகளிலிருந்து மருந்தை எடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1921 கோடையில் டொராண்டோவில் பெஸ்ட் என்ற மாணவருடன் நாய்களில் அதைச் செய்து பார்த்தார்.

நாளத்தைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருப்பது கடினமாக இருந்தது. அப்போது அவருடைய பண்ணை அனுபவம் கைகொடுத்தது. இறைச்சிக்கு அனுப்பும் பசுக்களைச் சினைப்படுத்தி அனுப்பும் வழக்கம் அங்கு இருந்ததை அவர் அறிந்திருந்தார். கருவில் உள்ள கன்றின் கணையத்தில் திட்டுகள் வளர்ந்திருக்கும். செரிமான நொதிகள் அவ்வளவாக இரா. ஆகவே இறைச்சிக் கூடத்திலிருந்து கருக்கன்றுகளின் கணையத்தைக் கொண்டுவந்தார். பின்னர், வளர்ந்த மாட்டின் கணையத்தையே சாராயத்தில் ஊறவைத்து இன்சுலினைப் பிரிக்கலாம் என்று கண்டனர். நாளத்தைக் கட்ட வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

1922 சனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பலன் குறைவாகவே இருந்தது. காலிப் என்பவர் மருந்தை மேலும் தூய்மைப்படுத்திக் கொடுக்க, சனவரி 23 முதல் போட்ட ஊசிகள் நல்ல பலன் தந்தன. 1923ஆம் ஆண்டு பேண்டிங்குக்கும், ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த மக்ளியாடுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களே உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் உயிரைக் காத்தன. நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்கிய மனித இன்சுலின் 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு அனுமதி பெற்றது.

மீனிலிருந்தும் ஒரு சான்று கிடைத்தது. சில மீன்களில் திட்டுகள் கணையத்தில் சிதறிக் கிடப்பதில்லை. தனி உருண்டையாகத் திரண்டிருக்கும். 1922ஆம் ஆண்டு மக்ளியாடு கடல்மீன்களின் இந்த உருண்டைகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, இன்சுலின் அவற்றிலேயே இருந்தது. நம் குளங்களில் வளரும் ஜிலேபிக் கெண்டைக்கும் இத்தகைய தனித் திட்டுகள் உண்டு.

மாத்திரையா, ஊசியா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இன்சுலின் ஒரு புரதம். அதை விழுங்கினால் இரைப்பை நீரும், நாளம் வழியாக வந்து விழும் கணையநீரும் அதைப் பருப்பையும் முட்டையையும் போலச் செரித்துவிடும். உடல் இன்சுலினைக் குடலுக்குள் விடாமல் இரத்தத்தில் விடுவதைப் போலவே நாமும் செய்ய வேண்டியிருக்கிறது. ஊசி அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. நோய் முற்றிவிட்டதற்கு ஊசி அடையாளம் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி மாத்திரை பற்றியது. சர்க்கரைக்குத் தரும் மாத்திரைகள் இன்சுலின் அல்ல. அவற்றுள் சில, திட்டுகளைத் தூண்டி அதிக இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. ஈரமுள்ள கிணற்றில் ஏற்றம் இறைத்தால் நீர் வரும். ஊற்று வற்றிய கிணற்றில் எவ்வளவு இறைத்தும் பயனில்லை. திட்டுகள் பெரும்பாலும் அழிந்தவருக்கு இத்தகைய மாத்திரை பயன்படாது. அவருக்கு இன்சுலினையே கொடுத்தாக வேண்டும். ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்து தேடுவது அவருக்கு உயிராபத்தாகலாம்.

நாளத்தில் கல் விழுந்தால்

மூன்றாம் கேள்வி வயிற்றுவலி பற்றியது. நாளத்தைச் சில வாரங்கள் கட்டினால் திட்டுகள் தப்புகின்றன என்று பார்த்தோம். ஆனால் அடைப்பும் வீக்கமும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கதை வேறு. மணிகள் இருந்த இடத்தில் கெட்டியான நார்த்தழும்பு படர்கிறது. அது திட்டுகளையும் சுற்றி இறுக்கி, அவற்றின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. வேலி ஓரத்தில் முளைத்த களை மெல்ல மெல்ல வயல் முழுவதும் பரவுவதைப் போல, நாளத்தில் தொடங்கிய கேடு திட்டுகளில் முடிகிறது.

வெப்பநாடுகளில் இளம் வயதினருக்குக் கணைய நாளத்தில் சுண்ணாம்புக் கற்கள் உண்டாகும் நோய் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டு சுய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில் இதை விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார். தமிழ்நாட்டிலும் இந்நோய் காணப்படுகிறது. முதலில் விட்டுவிட்டு மேல்வயிற்றில் வலி வரும். அது முதுகுக்கும் பரவும். பிறகு நொதிகள் குறைவதால் மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும், உடல் மெலியும். இறுதியில் சர்க்கரை நோய் வரும்.

மரவள்ளிக் கிழங்கே இந்நோய்க்குக் காரணம் என்று ஒரு காலத்தில் கருதினர். ஆனால் மரவள்ளியை உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டதால் அக்கருத்து வலுவிழந்தது. டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே செயல்படாதபடி அடக்கி வைக்கும் காவல் புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறைபாடு இந்நோயாளிகள் பலரிடம் இருப்பதை ஐதராபாத் ஆராய்ச்சியாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஆகவே மரவள்ளி பயிரிடும் உழவர்கள் இதுபற்றி அஞ்ச வேண்டியதில்லை. கிழங்கைத் தோல் நீக்கி, நன்றாக வேகவைத்து, நீரை வடித்து உண்பது எப்போதும் நல்லது. அது கிழங்கில் உள்ள நச்சைப் போக்குவதற்காக.

கவனிக்க வேண்டியவை

1. அடிக்கடி மேல்வயிற்று வலி வந்து, அது முதுகுக்குப் பரவினால், வெறும் வாயுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

2. வலியுடன் மலம் எண்ணெய்ப் பசையாகப் போனாலும், உடல் மெலிந்தாலும் இரத்தச் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். குறையும் நொதிகளை ஈடுசெய்ய மாத்திரைகள் உண்டு. நாளக் கல்லை அகற்றவும் மருத்துவம் உண்டு.

3. சாராயமும் புகையிலையும் கணையத்தைக் கெடுப்பவை. கணைய நோய் உள்ளவர் இவ்விரண்டையும் அறவே விட வேண்டும்.

4. இன்சுலின் புரதம் என்பதால் வெயிலிலும் சூட்டிலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். குளிர்பெட்டி இருந்தால் உறையாத தட்டில் வையுங்கள். இல்லையெனில், மருந்துப் புட்டியை நீர் படாதபடி மூடி, ஈரமணலில் அமர்த்திய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். வண்டியிலோ களத்து மேட்டிலோ வெயிலில் விட்டுவிடாதீர்கள்.

5. ஊசி போட்டுக்கொண்டு, உணவு கொள்ளாமல் வயலுக்குப் போகக் கூடாது. உழவு, நடவு போன்ற கடும் வேலையில் சர்க்கரை வேகமாக இறங்கும். கணையக் கல் நோயாளிகளுக்குக் குளுக்ககான் சுரக்கும் செல்களும் குறைந்திருப்பதால், இறங்கிய சர்க்கரை தானே ஏறுவது கடினம். கைநடுக்கம், வியர்வை, கண் இருளல் தோன்றினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ உண்ண வேண்டும். அதை மடியில் எப்போதும் வைத்திருங்கள். உடன் வேலை செய்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

6. மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

அடுத்த முறை கோழியைச் சுத்தம் செய்யும்போது குடல் வளைவின் நடுவில் உள்ள அந்த வெளிறிய நாடாவை விரலால் விலக்கிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள். குடலை நோக்கி ஓடும் நாளமும், இரத்தத்தை நம்பி நிற்கும் திட்டும் அதற்குள்ளேதான் அருகருகே இருக்கின்றன. நாளத்தின் நோயைக் காலத்தில் கவனித்தால் திட்டையும் காக்கலாம். திட்டு அழிந்தவருக்கு ஊசியைத் தவறாமல் கொடுத்தால் உயிரைக் காக்கலாம்.